பாத்தாங்களாம்

‘ஆம்’ என்று முடியும் ஒரு செய்தியை அவள் காதில் போட்டுவிட்டு யாரும் லேசில் நகர்ந்துவிட முடியாது. வந்தாராம், போனாராம், மூடப்போறாங்களாம். அந்த ‘ஆம்’ காதில் விழுந்ததும் கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்குவாள்.

“யாரு சொன்னா?”

பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். “அவங்க நேரா பாத்தாங்களா, அவங்களுக்கும் யாராச்சும் சொன்னாங்களா?”

கோபமாகக் கேட்க மாட்டாள். எந்தப் பல் வலிக்கிறது என்று பல் டாக்டர் தட்டிப் பார்ப்பாரே, அப்படித் தட்டிக்கொண்டே போவாள். வலிக்கிற பல் வந்ததும் நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் நாங்கள் இரண்டு பேரும் ஆறு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் டிஸ்பாட்ச். எந்த லாரியில் எந்தச் சரக்கு ஏறியது, எங்கே போகிறது என்று பார்த்து அனுப்புவது என் வேலை. அவள் நெட்வொர்க். கம்பெனிக்கு மூன்று இடங்கள் இருந்தன. கும்மிடிப்பூண்டியில் பெரிய ஆலை, திருவள்ளூரை ஒட்டிக் காக்களூரில் ஒரு சின்ன யூனிட், ஊத்துக்கோட்டை ரோட்டில் ஒரு குடோன். மூன்று இடத்துக் கம்ப்யூட்டர்களும் ஒன்றோடொன்று பேச்சு அறாமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. எல்லோரும் ‘நெட்வொர்க் மேடம்’ என்பார்கள். அந்த வளாகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவள் நான் ஒருத்திதான். அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை.

ரப்பர் வார்க்கும் இடத்தின் சூட்டை வெளியே இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. சித்திரை மாதத்தில் அச்சு மிஷின்கள் பக்கம் போய்வந்தால் முகம் வெந்துபோனது போல இருக்கும். அத்தனை பெரிய வளாகத்தில் ஏ.சி. நிற்காமல் ஓடும் ஒரே அறை அவளுடையது. அதுவும் நெட்வொர்க் பெட்டிகள் சூடாகாமல் இருக்க ஓடுவது. அதனால் ஆள் வந்துகொண்டே இருக்கும். மவுஸ் வேலை செய்யவில்லை, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று ஏதாவது ஒரு சாக்கு. சட்டை உலர்ந்ததும் போய்விடுவார்கள்.

“எல்லாரும் ஏ.சி.யப் பாக்க வராங்கபா. என்னைய இல்ல” என்று ஒரு தடவை சிரித்தபடி சொன்னாள். சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்த ரூட்டர் பெட்டியின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பது போலத்தான் எப்போதும் வைப்பாள்.

அவளுடைய அந்தக் கேள்வியால் நல்லதும் நடந்திருக்கிறது. ஒரு நாள் காலை, காக்களூர் யூனிட்டை மூடப்போகிறார்களாம் என்று கேன்டீனில் பேச்சு வந்தது. டீ ஆறுவதற்குள் ஆலை முழுக்கப் பரவிவிட்டது. காக்களூரில் தங்கை வேலை பார்க்கும் ஒரு பெண் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு அழவே ஆரம்பித்துவிட்டாள். இவள் டிபன் பாக்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மேசையாகப் போனாள். யாரு சொன்னா? அவருக்கு யாரு சொன்னா? கடைசியில் வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்த ஒரு டெம்போ டிரைவரிடம் போய் நின்றாள். அவர்தான் முதல் ஆள். காக்களூரிலிருந்து ஒரு மிஷினை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்தாராம்.

“மிஷினு எங்க போச்சு?”

“ரிப்பேருக்கு மேடம்.”

அவ்வளவுதான். திரும்பி வந்து அந்தப் பெண்ணிடம், “சாப்டு. ஒரு மிஷினு ரிப்பேருக்குப் போயிருக்கு. மீதியெல்லாம் நம்ம ஆளுங்க சேத்தது” என்றாள்.

எனக்கும் ஒரு தடவை அந்தப் பல் டாக்டர் தட்டு விழுந்தது. என் வீட்டுக்காரர் அப்போது கத்தாரில் வேலையில் இருந்தார். இரண்டு வருஷமாக வரவில்லை. மார்கழி நடுவில் ஒரு நாள், பொங்கலுக்கு அவர் வராராம் என்று அவளிடம் சொன்னேன். புதுத் திரைச்சீலை கூட வாங்கியிருந்தேன்.

“அவரே சொன்னாரா?”

“எங்க மாமியார் சொன்னாங்க.”

“அவங்களாண்ட அவரு சொன்னாரா?”

மாமியாருக்கு என் கொழுந்தன் சொல்லியிருந்தான். கொழுந்தனுக்கு யார் சொன்னது என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், ‘லீவு கேட்டுப் பாக்கணும்’ என்று அவர் ஒரு வார்த்தை சொன்னது நான்கு வாய் தாண்டி என்னிடம் வரும்போது டிக்கெட்டாகவே ஆகியிருந்தது. பொங்கலுக்கு அவர் வரவில்லை. இரண்டு வாரம் அவளோடு நான் பேசவில்லை. அவர் வராதது அவள் குற்றமா என்ன? ஆனாலும் அந்தப் பதினைந்து நாள் சந்தோஷத்தை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டவள் அவள்தான் என்று இருந்தது எனக்கு.

அவள் அப்படி ஆனதற்கு அவள் தொழில்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். ஓரளவு அது உண்மைதான். அதைப் புரிந்துகொண்டது ஒரு ஆடி மாதத்து நாளில்.

அன்று காலை பத்து மணிக்கு என் கம்ப்யூட்டர் நின்றது. குடோனில் என்ன இருப்பு என்று கேட்டால் பதில் இல்லை. அரை மணி நேரத்தில் காக்களூரும் வராமல் போனது. வாசலில் ஏழு லாரி. டிரைவர்கள் என் ஜன்னலைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். அவளுடைய அறைக்கு ஓடினேன். திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஊத்துக்கோட்டை ரோட்ல பள்ளம் தோண்டுறாங்க. கம்பி பாதி அறுந்துபோச்சு. வருது, போவுது” என்றாள்.

“குடோன் கம்பி அறுந்தா குடோன்தானே நிக்கணும்? காக்களூரும் ஏன் நிக்குது?”

“அதத்தான் பாத்துக்கினு இருக்கேன்.” லாரி வெளியே போகக் கொடுக்கும் ஒரு கேட்பாஸ் சீட்டைத் திருப்பி, அதன் முதுகில் மூன்று வட்டம் போட்டாள். ஒன்று நாங்கள். நடுவில் காக்களூர். கடைசியில் குடோன். “இத பாரு. குடோனுக்கு நேரா வழி தெரிஞ்சது காக்களூர் பெட்டிக்கு மட்டும்தான். நம்ம பெட்டி அதாண்ட கேட்டுத் தெரிஞ்சுக்கினுச்சு. முப்பது செகண்டுக்கு ஒரு தடவ இதுங்க ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்கினே இருக்கும், எனக்கு இந்த எடம் தெரியும், இத்தினி தாண்டணும்னு. இப்ப கம்பி அறுந்துபோச்சு. காக்களூர் இன்னா சொல்லணும்?”

“வழி இல்லன்னு.”

“ஆங். அது வாயத் தொறக்கறதுக்குள்ள நம்ம பெட்டி சொல்லுது, எனக்குக் குடோன் தெரியும், ரெண்டு தாண்டுனா போதும்னு. உனக்கு யாரு சொன்னான்னு காக்களூர் கேக்காது. சரி, இவனுக்கு ரெண்டுன்னா எனக்கு மூணுன்னு எழுதிக்கும். அத்தக் கேட்டு நம்ம பெட்டி, அப்ப எனக்கு நாலுங்கும். அது அஞ்சுங்கும். குடோனுக்குப் போற சரக்கெல்லாம் இதுக்கும் அதுக்கும் நடுவுல பந்து மாதிரி போயி வந்துக்கினு இருக்கு. ரோடு முழுக்க அதுதான். உன் வண்டி எங்க போவும்?”

“ரெண்டுத்துக்கும் தெரியாதா?”

“ரெண்டுத்துக்கும் தெரியாது. ஆனா ரெண்டும் அடுத்ததுக்குத் தெரியும்னு நம்பிக்கினு இருக்கு.”

யாரிடமிருந்து ஒரு வழியைத் தெரிந்துகொண்டோமோ அவர்களிடமே அதைத் திருப்பிச் சொல்லக்கூடாது என்று அந்தப் பெட்டிகளுக்கு ஒரு விதி உண்டாம். போன மாதம் வெளியிலிருந்து வந்த ஆள் ஏதோ சோதித்துப் பார்க்க அதை நிறுத்திவைத்துவிட்டு, மறுபடி போடாமலே போயிருந்தார். அவள் அதைத் திரும்பப் போட்டாள். பிறகு காக்களூர் பெட்டியைப் பேசவைத்தாள். திரையில் குடோனுக்கு நேரே ஒரு எண் வந்து நின்றது. பதினாறு.

“இந்தக் கணக்குல பதினஞ்சுக்கு மேல எண்ணிக்கை கெடையாது. பதினாறுன்னா வழி இல்லன்னு அர்த்தம். சும்மா வாய மூடிக்கினு இருக்கக் கூடாது. இல்லன்னு சத்தமாச் சொல்லணும். சொன்னப்புறம் மூணு நிமிஷம் யாரு வந்து எனக்கு வழி தெரியும்னாலும் நம்பக் கூடாது. அடங்கட்டும்னு.”

“பதினாறுன்னதும் எனக்குக் காரியம்தான் ஞாபகம் வருது” என்றேன். எங்கள் பக்கம் செத்தவர்களுக்குப் பதினாறாம் நாள்தான் காரியம்.

அவள் முகம் மாறியது. “காரியம் செத்தவங்களுக்கு. இது செத்துட்டாங்கன்னு சொல்லல. இங்கேருந்து போவ வழி இல்லன்னு மட்டும்தான் சொல்லுது.”

காக்களூர் பத்து நிமிஷத்தில் வந்தது. குடோன் இருப்பைப் போனில் கேட்டு எழுதி ஏழு லாரியையும் அனுப்பினேன். மதியம் சாப்பிடப் போனபோது அவள் டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கேட்பாஸ் இன்னும் கையில் இருந்தது.

“என் தம்பிய நாலு வருஷமா காணோம்பா” என்றாள்.

அத்தனை நாள் பழகியும் அவளுக்குத் தம்பி இருந்தது எனக்குத் தெரியாது.

ஊத்துக்கோட்டைக்கு அந்தப் பக்கம் அவர்கள் ஊர். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். அப்பா இல்லை. தம்பிதான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் காலை, டிராக்டருக்கு பெல்ட் வாங்கி வருகிறேன் என்று சத்தியவேடு பஸ் ஏறினான். வரவில்லை. போன் அணைந்திருந்தது. போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். சண்டை இல்லை, கடிதம் இல்லை, ஒன்றும் இல்லை. அவன் மனைவி மஞ்சுளா தெலுங்குப் பெண். எல்லை தாண்டி நாகலாபுரம் போகும் வழியில் அவள் பிறந்த வீடு. கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அங்கேயே திரும்பிப் போய்விட்டாள்.

“மொதல்ல தடாவுல பாத்தாங்களாம்னு அம்மா சொல்லிச்சு. நான் போய்த் தேடுனேன். இல்ல. அப்புறம் சூளூர்பேட்டையாம். அப்புறம் நெல்லூராம். போன மாசம் ஓங்கோலாம்.” கேட்பாஸில் இருந்த வட்டங்களை விரலால் தடவினாள். “ஒவ்வொரு தடவையும் இன்னும் தூரமாப் போறான். நான் கேக்கவே இல்லபா. ஊர்ல இருக்கிற எல்லாரையும் கேட்டேன். எங்கம்மாவ மட்டும் யாரு சொன்னான்னு கேக்கல.”

அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்கப் போனாள். கூட வரியா என்றாள். போனேன்.

முதலில் மஞ்சுளா வீட்டுக்குப் போனோம். மஞ்சுளாவின் அப்பா நல்ல மனிதர். நாற்காலி போட்டு மோர் கொடுத்தார். ஓங்கோல் செய்தி எங்கிருந்து வந்தது என்று இவள் கேட்டாள்.

“சம்பந்தியம்மாதான் போன்ல சொன்னாங்க, நெல்லூர்ல இருக்காருன்னு. நம்ம சொந்தக்காரங்க நெல்லூர்ல விசாரிச்சாங்க. அங்க இல்ல. அப்போ மேல ஓங்கோலுக்குப் போயிருப்பாருன்னு நான் சொன்னேன்” என்றார்.

“நெல்லூர்னு எங்கம்மாவுக்கு யாரு சொன்னா?”

அவர் யோசித்தார். “சூளூர்பேட்டையில இல்லன்னு நான்தான் அவங்களுக்குச் சொன்னேன். அப்போ நெல்லூரா இருக்கும்னு அவங்க…” அங்கேயே நிறுத்திக்கொண்டார். மோர்ச் சொம்பைக் கீழே வைத்தார்.

மஞ்சுளா கதவுக்கு அருகில் நின்றிருந்தாள். இருபத்தைந்து வயசு இருக்கும். கணவனின் அக்காவைத் தெலுங்கு முறையில் வதினா என்று கூப்பிடுவாள்.

“வதினா, அப்ப யாருமே அவர பாக்கலயா?”

“பாக்கல.”

“நாலு வருஷமாவா?”

“நாலு வருஷமா.”

மஞ்சுளா அழவில்லை. “நைனா, நான் கொஞ்ச நேரம் உள்ள இருக்கேன்” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். கதவு சாத்தப்படும் சத்தம் கூடக் கேட்கவில்லை.

அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து ஊத்துக்கோட்டை வந்து, இவள் ஊருக்குப் போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்திருந்தது. அவள் அம்மா விதைக் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். என்னை வா என்றார், தண்ணீர் கொடுத்தார், மறுபடி உட்கார்ந்து உடைக்க ஆரம்பித்தார். இவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். தடாவை முதலில் சொன்னது யாரென்று கேட்டாள். ‘அந்தப் பக்கந்தான் போயிருப்பான்’ என்று ஒரு பஸ் கண்டக்டர் ஆறுதலுக்குச் சொன்னது அது. பார்த்ததாக அவர் சொல்லவே இல்லை. அதற்குப் பிறகு வந்த ஊரெல்லாம் இந்த வீடும் அந்த வீடும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டவை.

அம்மா கை நிற்கவில்லை.

“நீ படிச்ச படிப்பெல்லாம் என் புள்ளைய சாவடிக்கறதுக்குத்தானாடி?”

“செத்துட்டான்னு நான் சொல்லலமா. அவன் எங்க இருக்கான்னு நம்ம ரெண்டு ஊட்லயும் யாருக்கும் தெரியாதுன்னு சொல்றேன்.”

“ரெண்டும் ஒண்ணுதாண்டி.”

“ஒண்ணு இல்லமா.”

“பெத்துப் பாத்தியா நீ? உனக்கு இன்னா தெரியும்? எழுந்து போ.”

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தாள். பெரியபாளையம் தாண்டியது. “சொல்லாம இருந்திருக்கலாமோ?” என்று நான்தான் கேட்டேன். “அந்தப் பொண்ணுக்கு இருபத்தஞ்சு வயசுபா” என்றாள்.

மஞ்சுளாவை அடுத்த மாதமே காக்களூர் யூனிட்டில் பேக்கிங்கில் சேர்த்துவிட்டாள். அந்தப் பெண் திருவள்ளூரில் ஹாஸ்டலில் தங்கி, தபால் வழியில் பட்டப்படிப்பும் சேர்ந்தாள். ஒரு தடவை என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: “அன்னிக்கு நீங்க போனப்புறம் ரெண்டு தட்டு சோறு சாப்ட்டேன்கா. நாலு வருஷத்துல அன்னிக்குத்தான் வயிறாரச் சாப்ட்டேன். தப்பா?” நான் இல்லை என்று தலையாட்டினேன்.

என் தோழியோடு அவள் அம்மா பேசுவதை நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம் இவள் போன் செய்வாள். அம்மா எடுப்பார். எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார், காதில் வைக்க மாட்டார். அணைக்கவும் மாட்டார். அதுதான் விசித்திரம். கும்மிடிப்பூண்டியில் ஸ்டேஷனுக்குப் பின்னால் அவள் எடுத்திருந்த ஒற்றை அறையில் நானும் ஒரு ஞாயிறு இருந்தேன். ஸ்பீக்கரைப் போட்டு வைத்திருந்தாள். கோழி கொக்கரித்தது. ஒரு பாத்திரம் உருண்டது. பக்கத்து வீட்டு டி.வி.யில் யாரோ சிரித்தார்கள். கால் மணி நேரம் இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

“ஒரு தடவையாச்சும் பேசிப் பாக்கறதுதானே?” என்று கிசுகிசுத்தேன்.

“பேசுனா கட் பண்ணிடும்” என்றாள். “இப்பிடி இருந்தா நல்லா இருக்குன்னாவது தெரியுதுல்ல.”

இப்போது அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் திரும்பி வந்த பிறகு நாங்கள் ஆவடிப் பக்கம் வந்துவிட்டோம். அவள் நம்பரும் மாறிவிட்டது. ஆந்திராவில் ஒரு பெரிய கம்பெனியில் சேர்ந்துவிட்டாளாம் என்று பழைய ஆள் ஒருவர் செவ்வாப்பேட்டை ஸ்டேஷனில் வைத்துச் சொன்னார். யார் சொன்னது என்று கேட்டேன். அவருக்கும் யாரோ சொன்னதுதான். அதனால் அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு நேராகத் தெரிந்தது ஒரு சனிக்கிழமையோடு முடிந்துவிடுகிறது.

ஓங்கோல் விஷயம் முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். நெல்லூர் லோடு ஏற்ற வந்த ஒரு டிரைவர் என் ஜன்னலில் தலையை நீட்டினார்.

“நெட்வொர்க் மேடத்தோட தம்பி விஜயவாடாவுல பஞ்சர் கடையில இருக்காராம்மா. சொல்லிடுங்க.”

எழுந்தே நின்றுவிட்டேன். பிறகு உட்கார்ந்து, “நீங்க பாத்தீங்களா?” என்று கேட்டேன்.

அவர் பார்க்கவில்லை. வேறொரு வண்டியின் கிளீனர் சொன்னது. அந்தக் கிளீனர் நான்கு நாளில் எங்கள் ஆலைக்கே லோடு எடுக்க வந்தான். ஊத்துக்கோட்டையில் ஒரு டீக்கடையில் கேட்டதாகச் சொன்னான். அந்தப் பக்கம் போன இன்னொரு டிரைவரிடம், டீக்கடையில் விசாரித்து வரச் சொன்னேன். அவர் திரும்பி வந்து சொன்னதைக் கேட்டதும், விசாரிக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

“ஒரு அம்மா தெனமும் பஸ் ஸ்டாண்டாண்ட வந்து நிக்குதாம்மா. ஆந்திரா போற வண்டிய எல்லாம் நிறுத்தி போட்டோ காட்டிக் கேக்குமாம். அந்த அம்மா வாயாலதான் கடக்காரர் கேட்டிருக்காரு, விஜயவாடா பஞ்சர் கடையின்னு. அதுக்கு யாரு சொன்னாங்கன்னா, எவனோ ஒரு டிரைவரு ‘விஜயவாடா பக்கம் நம்ம பசங்க நெறைய பேரு பஞ்சர் கட வச்சிருக்கானுங்க, அங்க கேட்டுப் பாரும்மா’ன்னானாம்.”

இதை அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் சொன்னேன். அவள் யார் யார் என்று ஒழுங்காகக் கேட்டாள். நானும் சொன்னேன். டிரைவர், கிளீனர், டீக்கடை, அம்மா. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“ரெண்டு பேருக்குள்ள சுத்துனா நிறுத்த ரூல் இருக்குபா. மூணு பேரு நாலு பேருன்னு ஆயிட்டா அது செல்லாது. எண்ணிக்கினே போயி பதினாறு வந்தாத்தான் நிக்கும்.” பக்கத்திலிருந்த பெட்டியின் மேல் புறங்கையை வைத்தாள். “எங்கம்மாவுக்குப் பதினாறுன்னு ஒரு நம்பரே இல்ல.”

சனிக்கிழமை லீவு போட்டாள். நானும் போட்டேன்.

ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ப்புறம், ஆந்திராவுக்குப் போகும் லாரிகள் வேகம் குறைக்கிற இடத்தில் அவள் அம்மா நின்றிருந்தார். போன வருஷம் பார்த்ததை விட மெலிந்திருந்தார். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட போட்டோ. ஒரு வண்டி நின்றால் கிட்டே போய், தலைக்கு மேல் அதைத் தூக்கிப் பிடித்து, அரைகுறைத் தெலுங்கில் கேட்டார். டிரைவர் குனிந்து பார்த்துவிட்டு இல்லை என்று கையசைத்தார். சிலர் பார்க்காமலே போனார்கள். அம்மா அடுத்த வண்டிக்கு நகர்ந்தார். முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. களை பறிக்கிறவர்கள் அடுத்த வரிசைக்குப் போவது போலத்தான் போனார்.

நாங்கள் டீக்கடை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் போய் அம்மாவின் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவாள், இன்னொரு தடவை எல்லாவற்றையும் எடுத்துச் சொல்வாள் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் அவள் அசையவே இல்லை. பிறகு ரோட்டைக் கடந்து போய் அம்மாவுக்கு நாலடி தள்ளி நின்றாள். அம்மா பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவள் நகரவில்லை. திருப்பதி பஸ் ஒன்று வந்தது, போனது.

பத்தரை மணி இருக்கும், ரோட்டில் ஏதோ அடைப்பு. இரண்டு பக்கமும் லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. அம்மா இந்தப் பக்கத்து வரிசையைப் பார்த்தார், அந்தப் பக்கத்தைப் பார்த்தார். அடைப்பு விடுவதற்குள் இரண்டு வரிசையையும் கேட்க அவரால் முடியாது. மஞ்சள் பைக்குள் கையை விட்டார். அதே மாதிரி உறை போட்ட இன்னொரு போட்டோவை எடுத்து, மகளின் முகத்தைப் பார்க்காமலே நீட்டினார்.

“அந்தாண்ட நிக்கிற வண்டிங்கள நீ கேளு.”

அவள் வாங்கிக்கொண்டாள். லாரிகளுக்கு நடுவே புகுந்து அந்தப் பக்கம் போனாள். முதல் வண்டியின் கதவருகில் நுனிக்காலில் எம்பி, போட்டோவைத் தூக்கிக் காட்டினாள். ஹாரன் சத்தத்தில் அவள் என்ன கேட்டாள் என்பது எனக்குக் கேட்கவில்லை. டிரைவர் இல்லை என்று தலையை ஆட்டினார். அவள் அடுத்த வண்டிக்குப் போனாள்.